நம் நிலத்தில் மற்றவர்கள் நடந்துபோக விட்டால், நிலத்தின் மீதான உரிமை போய்விடுமா?

ஓடைக்கரை:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா வைத்துவிட்டுப் போன நிலம். ஒரு பக்கம் சரிவு, நடுவில் ஓடை, மேட்டைத் தாண்டினால் காடு. ஓடையை ஒட்டியே ஓர் ஒற்றையடிப் பாதை காடு வரை போகிறது. நாங்கள் யாரும் போட்டதில்லை, ஆட்கள் நடந்து நடந்தே உண்டானது. இருபுறமும் புல், நடுவில் இரண்டு பாதம் அகலத்துக்கு மண் இறுகிப் பளபளவென்று கிடக்கும். அப்பா யாரையும் தடுத்ததில்லை. வயதானவர்கள் உட்கார்ந்து போகட்டும் என்று பாதி வழியில் ஒரு பெஞ்ச்கூடப் போட்டு வைத்தார்.

இப்போது ஒரு நடைக்குழு கேட்டு வந்திருக்கிறது. காட்டுக்குள் இருக்கும் நீண்ட நடைத்தடத்தோடு எங்கள் பாதையை இணைக்க வேண்டுமாம், வரைபடத்தில் குறிக்க வேண்டுமாம். ஓடைக்கு மேல் சின்ன மரப்பாலம் அவர்கள் செலவிலேயே கட்டித் தருகிறார்களாம். நல்ல மனிதர்கள், எனக்கும் ஆசைதான். ஆனால் தம்பி ஒரேயடியாக மறுக்கிறான். "இன்றைக்கு நடக்க விடு, நாளைக்கு அது பொதுவழி. அப்புறம் விற்கவும் முடியாது, ஒரு கொட்டகை போடவும் முடியாது" என்கிறான்.

பாதையை மூட மனம் வரவில்லை. நிலத்தை இழக்கவும் தயாராக இல்லை. நாட்டுக்கு நாடு சட்டம் மாறும் என்று தெரியும், கடைசியில் வக்கீலிடம்தான் போவேன். என்ன கேட்க வேண்டும் என்பதாவது தெரிந்துகொண்டு போகலாமே என்று இங்கே கேட்கிறேன்.

கல்வரப்பு:

தம்பி சொல்வதைக் கேளுங்கள். வேலி போட்டு, கதவு வைத்து, பூட்டுப் போடுங்கள். எனக்கு இதில் சொந்த அனுபவம் உண்டு. முதலில் நடந்தார்கள், பிறகு சைக்கிள் வந்தது, அதற்கப்புறம் மோட்டார் பைக். கேட்டபோது "இது எப்போதும் இருக்கிற வழிதானே" என்று என்னிடமே சொன்னார்கள். மழைக்காலத்தில் சேற்றுக்குப் பயந்து ஒதுங்கி ஒதுங்கி நடந்ததில் நான்கடிப் பாதை பன்னிரண்டு அடி ஆகிவிட்டது. அந்தப் பன்னிரண்டு அடியில் இன்றுவரை புல் முளைக்கவில்லை. நல்ல மனசுக்கு எல்லை உண்டு.

மூன்றாம் தலைமுறை:

கல்வரப்பு அண்ணாவின் வலி எனக்குப் புரிகிறது. எங்கள் குடும்பமும் ஒரு வழக்கில் தோற்றது. ஆனால் நாங்கள் தோற்றதற்குக் காரணம் வேலி போடாதது இல்லை.

தாத்தாவைக் கூண்டில் ஏற்றிக் கேட்டார்கள்: "இவர்கள் நடந்தது உங்களுக்குத் தெரியுமா?" தெரியும் என்றார். "தடுத்தீர்களா?" இல்லை. "போங்கள் என்று அனுமதி கொடுத்தீர்களா?" அதற்கும் தாத்தா, "நான் எதற்கு அனுமதி கொடுக்க வேண்டும், அவர்கள் பாட்டுக்குப் போனார்கள்" என்றார். பெருந்தன்மையாகத்தான் சொன்னார். அந்த ஒரு வரியில் எல்லாம் முடிந்தது. என்றைக்காவது ஒரு துண்டுக் காகிதத்தில் "இது என் நிலம், நீங்கள் நடக்க நான் சம்மதிக்கிறேன்" என்று எழுதி வைத்திருந்தால் அந்தப் பாதையும் இருந்திருக்கும், நிலமும் முழுசாக எங்களிடம் இருந்திருக்கும். அண்டை அயலோடு பேச்சுவார்த்தையும் அறுந்திருக்காது. எனக்கு நிலத்தைவிட அதுதான் பெரிய இழப்பு.

பத்திரப்பெட்டி:

மேலே சொன்னதுதான் இந்த விஷயத்தின் ஆணிவேர். நான் சட்டத் தொழிலில் இருப்பவள், கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

பல நாடுகளில் நெடுநாள் வழக்கத்தால் வழிப்பாத்தியம், அதாவது அடுத்தவர் நிலத்தின் வழியாகப் போகும் உரிமை, உண்டாவதற்கு மூன்று நிபந்தனைகள். வலுக்கட்டாயமாகப் போயிருக்கக் கூடாது, ஒளிந்து மறைந்து போயிருக்கக் கூடாது, அனுமதி வாங்கிப் போயிருக்கக் கூடாது. ரோமானியச் சட்டக் காலத்திலிருந்து வரும் சூத்திரம் இது. மூன்றாவதைத் திரும்பப் படியுங்கள். அனுமதியோடு நடப்பவர் எத்தனை ஆண்டு நடந்தாலும் அந்த நடை உரிமையாக முதிராது, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் அவர் உங்கள் சம்மதத்தின் பேரில்தான் கால் வைக்கிறார். நீங்கள் வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தால், உரிமை உள்ளவர்போல அவர் நடக்கிறார் என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. ஆக, உரிமையைத் தின்பது உங்கள் மௌனம். நீங்கள் கொடுக்கும் அனுமதி அதைக் காக்கிறது. பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, எழுதிக் கொடுத்தால் மாட்டிக்கொள்வோம் என்று பயப்படுகிறார்கள்.

இந்தியாவில் வழிப்பாத்தியம் போன்ற உரிமைகளை வசதியுரிமை என்பார்கள். 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, அப்படி உரிமை முதிர 20 ஆண்டு என்கிறது, அரசு நிலமானால் 30 ஆண்டு. வசதியுரிமையாகக் கொடுக்கவில்லை என்பது தெளிவாகத் தெரியும் ஓர் ஒப்பந்தத்தின் பேரில் அனுபவித்த காலம் அந்தக் கணக்கில் சேராது என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. 52-ஆவது பிரிவு வெறும் அனுமதியைத் தனியாக வரையறுக்கிறது. 59-ஆவது பிரிவின்படி, நிலம் கைமாறினால் பழைய உரிமையாளர் கொடுத்த அனுமதி வாங்கியவரைக் கட்டுப்படுத்தாது. விற்க முடியாமல் போய்விடும் என்ற உங்கள் தம்பியின் கவலைக்கு இதில் பதில் இருக்கிறது. ஆனால் 15-ஆவது பிரிவு பெரும்பாலும் பக்கத்து நிலத்துக்காரர் கேட்கும் பாத்தியத்துக்கானது. ஊருக்கே பொதுவான வழி என்று கேட்பது வேறு கணக்கு. அங்கே உரிமையாளர் அதைப் பொதுவுக்கு அர்ப்பணித்தாரா என்று பார்ப்பார்கள்.

இங்கிலாந்து, வேல்ஸில் 1980-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 31-ஆவது பிரிவு. பொதுமக்கள் 20 ஆண்டு தடையில்லாமல், உரிமையோடு நடந்தால் அது பொதுவழியாக அர்ப்பணிக்கப்பட்டதாகவே கருதப்படும். அப்படி ஓர் எண்ணமே எனக்கு இல்லை என்று உரிமையாளர் காட்டினால்தான் தப்பிக்கலாம். அதற்கும் அந்தப் பிரிவிலேயே வழி வைத்திருக்கிறார்கள்: பாதையில் அறிவிப்புப் பலகை வைக்கலாம், உள்ளாட்சியிடம் வரைபடத்தோடு உறுதிமொழி கொடுத்து வைக்கலாம்.

எண்ணம் மனசுக்குள் இருந்தால் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2007-இல் இங்கிலாந்தின் காட்மான்செஸ்டர் வழக்கில், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை இதைத் தெளிவாக்கியது. உரிமையாளர் தன் குத்தகைதாரரோடு எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தில் புதிய பாதை எதுவும் உண்டாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதி அலமாரியில் வைத்துக்கொண்டால், நடந்துபோகிறவருக்கு அது எப்படித் தெரியும்? நடப்பவர் கண்ணில் படும்படி சொல்லியிருக்க வேண்டும்.

ஓடைக்கரை:

பத்திரப்பெட்டி அக்கா, மிக்க நன்றி. படிக்கும்போதே வயிற்றைக் கலக்குகிறது. அப்பா பெஞ்ச் போட்டார் என்று சொன்னேனே, அது அனுமதி ஆகாதா? புல்லையும் நாங்கள்தான் வெட்டுகிறோம்.

பத்திரப்பெட்டி:

இதே கேள்வி 2003-இல் இங்கிலாந்தின் சன்டர்லாண்ட் வழக்கில் வந்தது. ஒரு விளையாட்டுத் திடல். நிலத்துக்காரராக இருந்த உள்ளாட்சி அதில் புல் வெட்டியது, உட்கார இருக்கைகளும் இருந்தன. இதுவே அனுமதிதானே என்று வாதாடிப் பார்த்தார்கள். பிரபுக்கள் சபை ஏற்கவில்லை. மக்கள் உரிமையோடு வந்துபோவதை நிலத்துக்காரர் ஊக்கப்படுத்தினார் என்றுதான் அது காட்டுகிறது, "நான் விடுவதால் வருகிறீர்கள்" என்று சொன்னதாக ஆகாது என்றது. அந்தத் தீர்ப்பை இனி நம்ப வேண்டாம் என்று 2014-இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, ஆனால் அது பொதுமக்களுக்காகவே உள்ளாட்சி வைத்திருக்கும் நிலம் என்பதால். உங்களுடையது தனியார் நிலம், பெஞ்சை மட்டும் நம்பி இருக்காதீர்கள். பெஞ்சை எடுத்துவிடாதீர்கள், அது அப்பாவின் அன்பு. அதன் பக்கத்தில் ஒரு பலகை வையுங்கள்.

இன்னொன்று, கசப்பாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பாதையில் பல்லாண்டாக நடந்திருக்கிறார்கள். உங்கள் நாட்டுச் சட்டப்படி காலக்கெடு ஏற்கெனவே முடிந்து உரிமை உண்டாகியிருந்தால், இன்று வைக்கும் பலகை அதை அழித்துவிடாது. வக்கீலிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

நெடுநடை:

நான் இருபது ஆண்டாக மலையும் காடும் நடப்பவன். நடப்பவர்கள் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை.

எங்களுக்கு வேண்டியது உங்கள் நிலம் இல்லை, அந்தப் பக்கம் போய்ச் சேர ஒரு வழி. அவ்வளவுதான். "இது தனியார் நிலம், உரிமையாளர் அனுமதியோடு நடக்கிறீர்கள்" என்று பலகை பார்த்தால் எனக்கு ஒரு குறையும் தோன்றாது. சொல்லப்போனால் காலடியைப் பார்த்து வைக்கத் தோன்றும். வெறும் "அத்துமீறி நுழையாதே" பலகையைத் தாண்டித்தான் பலபேர் வேலியை மிதித்துப் போகிறார்கள்.

ஸ்காட்லாந்தில் நடந்திருக்கிறேன். 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டத்தால் அங்கே பெரும்பாலான நிலத்திலும் நீரிலும் பொறுப்போடு போய்வரும் உரிமை எல்லோருக்கும் உண்டு. வீட்டை ஒட்டிய இடமும் பயிர் நிற்கும் வயலும் அதில் சேராது. நிலத்துக்காரர் ஒருவர் என்னிடம் காட்டிய விஷயம்: இந்த உரிமையை வைத்து மட்டும் ஒருவர் நடந்தார் என்பதற்காக அங்கே வழிப்பாத்தியம் உண்டாகாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. நடப்பவனுக்கும் நிம்மதி, நிலத்துக்காரருக்கும் நிம்மதி.

கல்வரப்பு:

சரி, பாத்தியம் உண்டாகாது என்றே வைத்துக்கொள்வோம். நாளைக்கு ஒருவர் ஓடைப் பாறையில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டால்? "நீங்கள்தானே அனுமதித்தீர்கள்" என்று அந்தப் பலகையையே சாட்சியாகக் கொண்டு வருவார்கள். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

காட்டுமல்லி:

நியாயமான கேள்வி. நான் ஒரு நடைத்தடக் குழுவில் தன்னார்வலர். நிலத்துக்காரர்களைப் பார்த்துப் பேசுவதுதான் என் வேலை. பாதி வீடுகளில் முதல் கேள்வியே இதுதான்.

அமெரிக்காவில் 1965-இல் இதற்காகவே மாதிரிச் சட்டம் ஒன்று வகுத்தார்கள். இன்று அங்கே 50 மாநிலங்களிலும் ஏதோ ஒரு வடிவில் அது இருக்கிறது. பொழுதுபோக்குக்காகக் கட்டணம் இல்லாமல் நிலத்தைத் திறந்துவிடும் உரிமையாளர், வருகிறவர்களுக்காக நிலத்தைப் பாதுகாப்பாக வைத்திருக்கும் கடமையிலிருந்து பெரும்பாலும் விடுபடுகிறார். ஆபத்து இருப்பது தெரிந்தும் வேண்டுமென்றே எச்சரிக்காமல் விட்டால் மட்டும் பாதுகாப்புக் கிடைக்காது. கட்டணம் வாங்கினாலும் பெரும்பாலும் போய்விடும். ஆகவே "ஆளுக்குக் கொஞ்சம் வாங்கலாமே" என்று யாராவது யோசனை சொன்னால் உடனே வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இப்படிச் சட்டம் இல்லாத நாடுகளில் காப்பீடுதான் துணை. அந்தக் காப்பீட்டைக் குழு எடுக்க வேண்டும், அதில் நிலத்துக்காரர் பெயரும் இருக்க வேண்டும். சும்மா "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்கிற குழுவை நம்பாதீர்கள். நானே ஒரு குழுவில் இருந்துகொண்டு சொல்கிறேன்.

கல்வரப்பு அண்ணா, உங்கள் நிலத்தில் நடந்தது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மோட்டார் வண்டியைத் தடுக்க ஆள் மட்டும் புகுந்து போகும் வளைவுக் கதவு வைப்பார்கள். சேற்றுக்கு ஒதுங்கி நடப்பதைத் தடுக்கப் பலகை எழுதிப் பயனில்லை, சேறு சேரும் இடத்தில் கல் பாவ வேண்டும். கால் நனையாத வழி இருந்தால் யாரும் விலகிப் போக மாட்டார்கள். இதையெல்லாம் யார் செய்வது என்று முதல் நாளே எழுத்தில் வர வேண்டும்.

கல்வரப்பு:

கல் பாவுவதை யோசித்ததே இல்லை. எனக்கு அந்தப் பன்னிரண்டு அடியின் மேல்தான் கோபம், ஆட்கள் மேல் இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

அளவுச்சங்கிலி:

ஓய்வுபெற்ற நில அளவையாளன் பேசுகிறேன். பத்திரத்தில் "ஓடை ஓரமாகப் போகும் பாதை" என்று எழுதி விடாதீர்கள். ஓடை நகரும், பாதையும் நகரும். பத்து ஆண்டு கழித்து எது அந்தப் பாதை என்று இரண்டு தரப்பும் இரண்டு இடத்தைக் காட்டும். அளந்து, அகலம் இவ்வளவு என்று வரைபடத்தில் கோடு போட்டு இணையுங்கள். கல் நட்டு, தேதியோடு படம் எடுத்து வையுங்கள். பலகை வைத்த அன்றும் ஒரு படம், பிறகு ஆண்டுக்கு ஒன்று. பலகையை யாராவது பிடுங்கிப் போட்டால் அதையும் படம் எடுங்கள்.

தடையில்லாமல் தொடர்ந்து நடந்தோம் என்று யாரும் சொல்ல முடியாதபடி, ஆண்டுக்கு ஒரு நாள் பாதையை மூடுங்கள். நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் பிளாசா தெருவை இதற்காகவே ஆண்டில் ஒரு நாள் அடைக்கும் வழக்கம் உண்டு. ஆனால் எல்லா நாட்டிலும் இதுமட்டும் போதாது. இந்தியச் சட்டத்தில், நடப்பவர் தடையைத் தெரிந்துகொண்ட பிறகும் ஓராண்டு அதற்குப் பணிந்து இருந்தால்தான் அது தடையாகவே கணக்கில் வரும். ஒரு நாள் சங்கிலி போட்டுவிட்டுத் தூங்கப் போக வேண்டாம், எழுத்தும் வேண்டும்.

பத்திரப்பெட்டி:

ஐயா சொன்னது மிகச் சரி. ஓடைக்கரை, இப்போது அந்தப் பாலத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதில் என்னை உறுத்தியது அதுதான்.

அனுமதியை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்பதற்கு விலக்கு உண்டு. இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவில், அனுமதியை நம்பி ஒருவர் தன் செலவில் நிலையான கட்டுமானம் எழுப்பிவிட்டால் அதைத் திரும்பப் பெற முடியாது. வேறு பல நாடுகளிலும் "என்னை நம்ப வைத்துச் செலவு செய்ய விட்டாயே" என்ற வாதம் நீதிமன்றத்தில் எடுபடும். குழு தன் பணத்தில் கான்கிரீட் போட்டுப் பாலம் கட்டினால், நீங்கள் கொடுத்தது வெறும் அனுமதியாகவே நின்றுவிடாது.

பாலம் வேண்டாம் என்று சொல்லவில்லை. முடிந்தால் நீங்களே கட்டுங்கள், அவர்கள் உழைப்பைத் தரட்டும். இல்லையென்றால் கழற்றி எடுக்கக்கூடிய மரப்பாலமாக இருக்கட்டும். அனுமதி முடிந்தால் இத்தனை நாளுக்குள் கழற்றிக்கொள்வோம், இதனால் நிலத்தில் எந்த உரிமையும் கோர மாட்டோம் என்று பாலம் கட்டும் முன்பே கையெழுத்து வாங்குங்கள். கட்டிய பிறகு கேட்டால் முகம் சுளிக்கும்.

காட்டுமல்லி:

எங்கள் குழு அப்படித்தான் இரண்டு பாலங்கள் வைத்திருக்கிறது. நல்ல குழுவாக இருந்தால் இதற்கு மறுப்புச் சொல்லாது. மறுத்தால் அப்போதே தெரிந்துவிடும்.

மூன்றாம் தலைமுறை:

நிரந்தரமாகவே கொடுத்துவிடலாமா என்று ஒரு யோசனை வரும். எங்கள் உறவினர் ஒருவர் பாதை அகலத்துக்கு மட்டும் வழிப்பாத்தியம் எழுதிப் பதிவு செய்து கொடுத்தார். நிலம் அவருடையதே. நடக்க மட்டும்தான், வண்டி கூடாது. தேவைப்பட்டால் தன் செலவில் பாதையை வேறு ஓரத்துக்கு மாற்றிக்கொள்ளும் உரிமையையும் எழுதி வைத்துக்கொண்டார். தனக்குப் பிறகு பிள்ளைகள் மூடிவிடக் கூடாது என்பது அவர் ஆசை. அது தெரிந்தே கொடுப்பது. தெரியாமல் இழப்பதுதான் கொடுமை. ஆனால் அடமானம் இருந்தால் கடன் கொடுத்தவரின் சம்மதமும் வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

நெடுநடை:

ஒரு செய்தி சொல்லிவிட்டுப் போகிறேன். 1970-இல் கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றம், சான்டா குரூஸ் கடற்கரை நிலம் ஒன்றில் மக்கள் ஐந்தாண்டுக்கு மேல் பொது இடம்போலப் புழங்கியதால் அதில் பொதுமக்களுக்கு உரிமை உண்டாகிவிட்டது என்று தீர்ப்புச் சொன்னது. நடப்பவர்களுக்கு வெற்றிதானே என்று தோன்றும். ஆனால் இனிமேல் யாரையும் உள்ளே விட்டால் ஆபத்து என்று நிலத்துக்காரர்கள் பயப்படத் தொடங்கிவிட்டார்கள். அடுத்த ஆண்டே சட்டமன்றம் தலையிட்டு, தனியார் நிலத்தில் பொழுதுபோக்குக்காகப் போய்வருவதால் மட்டும் பொதுவுரிமை உண்டாகாது என்று, கடலோரம் போன்ற சில விலக்குகளோடு, சட்டம் கொண்டுவந்தது. "உரிமையாளரின் அனுமதியோடும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டும் கடந்து செல்லலாம்" என்ற பொருளில் பலகை வைத்தால் பாத்தியம் முதிராது என்று அந்த மாநிலத்தின் சட்டத்தில் தனிப்பிரிவே இருக்கிறது. ஒவ்வொரு நுழைவாயிலிலும், அல்லது எல்லை நெடுக 200 அடிக்கு மிகாத இடைவெளியிலும் வைக்க வேண்டும்.

நடக்கிற எங்களுக்கும் உங்கள் உரிமை பத்திரமாக இருப்பதுதான் நல்லது. நிலத்துக்காரர் பயந்தால் அடுத்த பாதை திறக்காது.

ஓடைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வக்கீலைப் பார்த்தேன். நீங்கள் சொன்ன முதல் கேள்வியைத்தான் முதலில் கேட்டேன். நல்லவேளையாக அப்பாவின் பெட்டியில் ஒரு பழைய கடிதம் கிடைத்தது. விறகு எடுக்கப் போகிறவர்கள் சார்பில் ஒருவர், "உங்கள் நிலத்தின் வழியாகப் போக அனுமதி கொடுத்ததற்கு நன்றி" என்று அப்பாவுக்கு எழுதியிருக்கிறார். மை மங்கிப்போய், மடித்த இடத்தில் கிழிந்திருந்தது. வக்கீல் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இது ஒன்றே எல்லாவற்றையும் முடித்துவிடாது, ஆனால் நல்ல சாட்சி என்றார்.

குழுவோடு ஐந்தாண்டு ஒப்பந்தம். நடக்க மட்டும், கட்டணம் கிடையாது, அகலம் நான்கு அடி, வரைபடம் இணைத்தாயிற்று. காப்பீடு அவர்கள் பொறுப்பு, அதில் என் பெயரும் தம்பி பெயரும் உண்டு. பாலம் கழற்றக்கூடியது. சேறு சேரும் இரண்டு இடத்தில் அவர்களே கல் பாவுகிறார்கள். அந்த வரியை எழுதச் சொன்னது தம்பிதான், கல்வரப்பு அண்ணா எழுதியதைப் படித்துவிட்டு.

பலகையில் இப்படி எழுதினோம்:

"இது தனியார் நிலம். உரிமையாளரின் அனுமதியோடு இந்தப் பாதையில் நடக்கலாம். இது பொதுவழி ஆகாது. அனுமதியைத் திரும்பப் பெற உரிமையாளருக்கு உரிமை உண்டு. நடந்து செல்பவர்களுக்கு வணக்கம்."

கடைசி வரி வேண்டுமா என்று வக்கீல் கேட்டார். இருக்கட்டும் என்றேன். இரண்டு முனையிலும் ஒவ்வொன்று, பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒன்று. மரத்தில் ஆணி அடிக்காமல் தனியாகக் கம்பம் நட்டோம். நேற்றுக் காலையில் அந்தப் பக்கம் போனேன். தினமும் கோலூன்றி நடந்து வரும் பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்து பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "உங்கள் அப்பா இதை வாயால் சொன்னார், நீங்கள் எழுதி வைத்திருக்கிறீர்கள்" என்றார்.

பத்திரப்பெட்டி:

அந்தப் பெரியவரிடம் அதையே ஒரு காகிதத்தில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வாங்கி வையுங்கள். அப்பா அனுமதி கொடுத்தார் என்பதற்கு உயிரோடு இருக்கும் சாட்சி அவர். இந்த வாரமே போங்கள்.

ஓடைக்கரை:

நாளைக் காலையிலேயே போகிறேன் அக்கா.